ட்ரான்ஸ்பிளான்ட் லிஸ்ட்ல காத்துட்டு இருக்கீங்களா? அதுவரைக்கும் உடம்ப எப்படி அசைச்சு வெச்சுக்கறது – சென்னைக்காரங்களுக்கு

லிஸ்ட்ல பேர் ஏறிடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வீட்ல எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணுதான் சொல்வாங்க, "நீ ஒண்ணும் பண்ணாத, படுத்து ரெஸ்ட் எடு, தண்ணி வேணும்னா கூட கூப்பிடு". பாசத்துல சொல்றாங்க. ஆனா நான் பிசியோவா இந்த மாதிரி பேஷன்ட்ஸோடதான் தினமும் வேலை பாக்கறேன், அதனால அழுத்தமா சொல்றேன், அந்த படுக்கைதான் உங்கள சத்தமில்லாம ஆபரேஷனுக்கு லாயக்கில்லாம ஆக்கும். நல்லா ஆரோக்கியமா இருக்கற வயசானவங்களையே 10 நாள் படுக்க வெச்சு பாத்த ஆராய்ச்சியில காலுல மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைஞ்சு போச்சு. லிவரோ கிட்னியோ ஹார்ட்டோ கெட்டு, பசியும் இல்லாம, மாசக்கணக்கா சோபாவுலயே கிடக்கறவங்களுக்கு எவ்ளோ போகும்னு நீங்களே பாத்துக்கோங்க.

காத்திருப்பு எத்தன நாள்னு யாராலயும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுல மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்பு தானத்துக்கு 2008ல திட்டம் வந்துச்சு, 2014ல அத பாத்துக்க டிரான்ஸ்டான்னு ஒரு அரசு அமைப்ப அமைச்சாங்க, வரிசை அவங்க மூலமாதான் நகருது. ஆனா பிளட் குரூப், உடம்பு சைஸ், எவ்ளோ சீரியஸ்னு பல விஷயம் சேர்ந்துதான் முடிவாகும். கிட்னிக்கு வருஷக்கணக்கா காத்திருக்கறவங்க நிறைய பேர். அதுக்குள்ள ஆள் ரொம்ப தளர்ந்துட்டா "இப்ப பெரிய ஆபரேஷன் தாங்க மாட்டார், கொஞ்சம் தேறட்டும்"னு டாக்டர்களே நிறுத்தி வைப்பாங்க, அதுதான் ரொம்ப கொடுமை. ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல இருந்து எந்திரிச்சு உக்கார வேண்டியதும் இந்த கால்தான், இருமி சளிய வெளிய தள்ள வேண்டியதும் இந்த மூச்சு தசைதான். இப்ப சேத்து வைக்கறத அப்ப செலவு பண்ணுவீங்க.

முதல்ல டாக்டர் கிட்ட கேளுங்க

"நடக்கலாமா சார்?"னு மொட்டையா கேட்டா "ம், நடங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேஷன்ட கூப்பிட்டுடுவாங்க, ஓபியில அவ்ளோ கூட்டம். அதனால ஒரு சீட்டுல எழுதிட்டு போங்க. என் பிபி எவ்ளோக்கு மேல போனா நிறுத்தணும், ஆக்சிஜன் அளவு எதுக்கு கீழ போகக்கூடாது, எவ்ளோ கிலோ வரைக்கும் தூக்கலாம், என் ஹீமோகுளோபின் இப்ப எவ்ளோ, என்கிட்ட இருக்கற மாத்திரையில எது தலைசுத்த வைக்கும், ஒரு பிசியோகிட்ட அனுப்ப முடியுமா. கடைசி கேள்விய விட்டுடாதீங்க. ஜிஹெச், ஸ்டான்லி, ஓமந்தூரார் எங்க காட்டினாலும் பிசியோதெரபி டிபார்ட்மெண்ட் இருக்கு, ஆனா நீங்க வாய விட்டு கேட்டாதான் அந்த சீட்டு எழுதுவாங்க.

இப்ப எங்க இருக்கீங்கன்னு பாருங்க

கை இல்லாத ஒரு சேர செவுத்தோட ஒட்டி போடுங்க, பிளாஸ்டிக் சேர் வேணாம், வழுக்கும். கைய நெஞ்சுல கட்டிட்டு 5 தடவ எந்திரிச்சு உக்காருங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னு போன்ல டைம் பாக்கட்டும். 15 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா கால் பலம் குறைஞ்சிருக்குன்னு எடுத்துப்போம். கைய ஊனாம எந்திரிக்கவே முடியலன்னாலும் பரவால்ல, அதையே எழுதி வைங்க, அதுதான் உங்க ஆரம்பம். ஆஸ்பத்திரியில 6 நிமிஷம் நடக்க வெச்சு எவ்ளோ மீட்டர் போறீங்கன்னு அளப்பாங்க, முக்கியமா ஹார்ட், லங்ஸ் பேஷன்ட்ஸுக்கு, அந்த நம்பரையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. மாசம் ஒருக்கா ரெண்டையும் ஒப்பிட்டு பாருங்க. எடைய வெச்சு மட்டும் தேறிட்டோம்னு நினைக்காதீங்க, லிவர், கிட்னி, ஹார்ட் பேஷன்ட்ஸுக்கு ஏறின எடை பாதி நேரம் தண்ணிதான்.

ஆரம்பிக்கறது

30 நிமிஷம் வாக்கிங்னு எல்லாம் எடுத்த உடனே போகாதீங்க. 5 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு வேளை, வீட்டு ஹால்லயே. அது சுலபமா இருந்தா மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. எவ்ளோ வேகம்னா, பக்கத்துல வர்றவங்க கிட்ட ஒரு வாக்கியம் முழுசா பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அவ்ளோதான் கணக்கு. ஸ்மார்ட் வாட்ச்ல ஹார்ட் ரேட் பாத்து நடக்கறவங்க ஒண்ணு கவனிங்க, புரோப்ரனலால், கார்வெடிலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டா எவ்ளோ கஷ்டப்பட்டாலும் துடிப்பு பெருசா ஏறாது, வாட்ச் "இன்னும் வேகமா"ன்னு சொல்லும், கேக்காதீங்க, பேச்சு கணக்குதான் நம்பிக்கையானது.

நடை மட்டும் பத்தாது, நிறைய பேர் இதத்தான் விட்டுடறாங்க. தசைக்கு எதிர்ப்பு குடுத்தாதான் தசை நிக்கும். வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும். சேர்ல இருந்து எந்திரிச்சு உக்கார்றது 8 தடவ, செவுத்துல கைய வெச்சு தள்றது 8 தடவ, சமையல் மேடைய புடிச்சுட்டு குதிகால தூக்கி இறக்கறது 10 தடவ, அரை லிட்டர் தண்ணி பாட்டில கையில புடிச்சு முழங்கைய மடக்கி நீட்டறது. ஒரு சுத்து முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு இன்னொரு சுத்து. மூச்ச புடிச்சுட்டு எதையும் பண்ணாதீங்க, சத்தமா எண்ணிக்கிட்டே பண்ணுங்க, எண்ணும்போது மூச்சு தன்னால வெளிய போகும். ராத்திரி சீரியல் பாக்கறவங்க ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எந்திரிச்சு நின்ன இடத்துலயே கால தூக்கி வைங்க, இத சொல்லி குடுத்தா விடாம பண்றவங்க நிறைய பேர்.

லிவர்

வயித்துல தண்ணி கட்டியிருந்தா சிட்-அப்ஸ், பிளாங்க், வயித்த அழுத்தற எந்த எக்சர்சைசும் கிடையாது, தொப்புள் பக்கம் குடலிறக்கம் வந்துடும். உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு எண்டோஸ்கோபியில சொல்லியிருந்தா வெயிட்ட மூச்சு புடிச்சு தூக்கறது அங்க பிரஷர ஏத்தும், அதனால வாட்டர் கேன தூக்கி மாட்டறது, லாரி தண்ணி குடத்த மாடிக்கு ஏத்தறது இதெல்லாம் வேற யாராவது பாத்துக்கட்டும். பிளேட்லெட் கம்மியா இருக்கறவங்க விழுந்தா ரத்தக்கட்டு பெருசாகும், ஈர பாத்ரூம், கால்மிதி, இருட்டு மாடிப்படி மூணையும் சரி பண்ணுங்க.

லிவர் பேஷன்ட் வெறும் வயித்துல வாக்கிங் போகக்கூடாது, இத எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நம்ம ஊர்ல காலைல 5 மணிக்கு எந்திரிச்சு ஒண்ணும் சாப்பிடாம நடந்துட்டு வந்து 9 மணிக்கு டிபன்ங்கறது பெரிய ஒழுக்கம்னு நினைக்கறோம். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பாகி சுருங்கிப் போன லிவர்ல சேமிப்பு கிடையாது, ஒரு ராத்திரி பட்டினியே அவங்க உடம்புக்கு நமக்கு ரெண்டு மூணு நாள் பட்டினி மாதிரி, உடம்பு தசைய உடைச்சு எரிக்க ஆரம்பிச்சுடும். அதனால படுக்கறதுக்கு முன்னாடி பால்ல கஞ்சியோ, பிரட்டோ, ஒரு இட்லியோ ஏதாவது, காலைல எந்திரிச்ச உடனே ரெண்டு பிஸ்கட்டோ ஒரு கிளாஸ் பாலோ, அப்புறம்தான் செருப்பு போடணும். அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை விரதம் எல்லாம் இப்போதைக்கு வேணாம், வீட்ல வேற யாராவது உங்களுக்காக இருக்கட்டும்.

திடீர்னு பேச்சு குழறுதா, பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கறாங்களா, கை உதறுதா, கையெழுத்து மாறுதா, அன்னைக்கு எக்சர்சைஸ் கிடையாது, டாக்டருக்கு போன். அந்த மாதிரி குழப்பம் ஒரு தடவ வந்தவங்க தனியா வெளிய நடக்கவே வேணாம், கூட ஆள் கட்டாயம்.

இன்னொன்னு, எலியட்ஸ் பீச்சுக்கு போனா நம்மால கால நனைக்காம வர முடியாது. ஆனா லிவர் கெட்டவங்களுக்கு கடல் தண்ணியில இருக்கற சில பாக்டீரியா சின்ன வெட்டு, வெடிப்பு வழியா உள்ள போனா உயிருக்கே ஆபத்தாகும், வீங்கின காலுல வெடிப்பு இல்லாம இருக்காது. ரோட்டோர நடைபாதையில நடங்க, காத்து வாங்குங்க, அலைகிட்ட போகாதீங்க.

கிட்னி

டயாலிசிஸ் இருக்கற அன்னைக்கு முடிஞ்சதும் துவண்டு போய்தான் வருவீங்க, பிபியும் இறங்கியிருக்கும், அன்னைக்கு ஜாஸ்தி எதுவும் வேணாம். அடுத்த நாள்தான் உங்க நாள். வாரத்துக்கு மூணு டயாலிசிஸ் பண்றவங்களுக்கு நடுவுல ஒரு ரெண்டு நாள் இடைவெளி வரும்ல, அந்த இடைவெளி முடிஞ்சு அடுத்த டயாலிசிஸ் ஏறதுக்கு முன்னாடி பொட்டாசியமும் தண்ணியும் உச்சத்துல இருக்கும், ஹார்ட்டுக்கு ரிஸ்கான நேரம், அப்ப கஷ்டமான எக்சர்சைஸ் கூடாது. சில சென்டர்ல டயாலிசிஸ் நடக்கும்போதே முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள படுத்துட்டே பெடல் மிதிக்க வைப்பாங்க, உங்க சென்டர்ல உண்டான்னு டெக்னீஷியன்கிட்ட கேளுங்க. நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய இணைச்சு வெச்சிருக்கற கையில பிபி பாக்க விடாதீங்க, டைட்டா வளையல், வாட்ச் வேணாம், அந்த கையில பை மாட்டிட்டு மார்க்கெட் போகாதீங்க, அந்த பக்கம் சாஞ்சு படுக்காதீங்க. ஃபிஸ்டுலா போட்டு தையல் ஆறினதுக்கு அப்புறம் டாக்டர் சரின்னா ரப்பர் பந்து அழுத்தறது நல்லது. ஹீமோகுளோபின் 8க்கு கீழ இறங்கினா ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும், அது சோம்பேறித்தனம் இல்ல, வீட்ல இருக்கறவங்க திட்டாதீங்க, ரத்தம் ஊற போடற ஊசியோட டோஸ பத்தி டாக்டர் கிட்ட பேசுங்க.

அப்புறம் பார்க் வாசல். சென்னையில எந்த பார்க் வாசல்ல பாத்தாலும் காலைல அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், நெல்லி ஜூஸ்னு ஒரு வண்டி நிக்கும், "கிட்னிக்கு நல்லது"ன்னே எழுதியிருப்பாங்க. கிட்னி ஃபெயிலியர் ஆனவங்களுக்கு நல்லது இல்ல. எந்த ஜூஸ்ல எவ்ளோ பொட்டாசியம்னு விக்கறவருக்கு தெரியாது, உங்களுக்கு அளந்து வெச்ச தண்ணி கணக்குலயும் அது ஓட்டை போடும். இளநீரும் அப்படித்தான், பீச்சுல ஒரு இளநி குடிச்சா என்னன்னு கேக்கறாங்க, பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே நிக்கலாம், அதுதான் என்ன. நட்சத்திரப் பழம் தொடவே கூடாது, அதுல இருக்கற விஷம் கிட்னி வழியா வெளிய போக முடியாம மூளைய தாக்கும். நடந்து முடிச்சு நாக்கு வறண்டா வாய கொப்பளிச்சு துப்புங்க, இல்ல ஒரு ஐஸ் கட்டிய வாய்ல போட்டுட்டு அதையும் தண்ணி கணக்குல எழுதுங்க.

ஹார்ட், லங்ஸ்

ஹார்ட் பேஷன்ட்ஸ் தினம் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து எடை பாருங்க. மூணு நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினா தண்ணி தேங்குதுன்னு அர்த்தம், அன்னைக்கு நடைக்கு லீவு, ஆஸ்பத்திரிக்கு போன். நடக்க ஆரம்பிக்கும்போது மெதுவா, நிறுத்தும்போதும் மெதுவா, டக்குனு நின்னா ரத்தம் காலுலயே தங்கி தலை சுத்தும். புதுசா ஐசிடி (துடிப்பு தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்ற கருவி) வெச்சிருந்தா டாக்டர் சொல்ற வரைக்கும் அந்த பக்க கைய தோளுக்கு மேல தூக்கி கொடியில துணி காயப் போடற வேலை வேணாம். மணல்ல நடக்காதீங்க, அதே வேகத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல சக்தி செலவாகும்.

லங்ஸ் பேஷன்ட்ஸ்ல நிறைய பேருக்கு மூச்சு வாங்கறதே பயமாகி, பயத்துல நடக்கறத நிறுத்தி, நிறுத்தினதால இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கி, அந்த சுழல்ல மாட்டிப்பாங்க. அத உடைக்கறதுக்கு முதல் வழி மூச்ச வெளிய விட கத்துக்கறது, மூக்கால ரெண்டு எண்ற வரைக்கும் இழுத்து, விசில் அடிக்கற மாதிரி உதட்ட குவிச்சு நாலு எண்ற வரைக்கும் விடணும், கஷ்டமான வேலைய, அதாவது எந்திரிக்கறத, படி ஏறறத, அந்த விடற நேரத்துல பண்ணணும். விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிட்டு நடங்க, டாக்டர் உங்களுக்குன்னு வேற நம்பர் சொல்லலன்னா 88க்கு கீழ போனா நின்னுடுங்க. நடக்கும்போது ஆக்சிஜன் தேவைன்னா போட்டுட்டுதான் நடக்கணும். நாலு பேர் பாப்பாங்கன்னு கழட்டி வெச்சுட்டு நடக்கறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், பாக்கறவங்க பாக்கட்டுமே, ப்ளீஸ் போட்டுட்டு நடங்க.

சென்னையில எங்க, எப்ப

மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும், முக்கியமா கத்திரி நேரத்துல, காலைல 6 மணிக்கே கசகசன்னு ஆயிடும், 7க்கு மேல வெளிய வேணாம். தண்ணி மாத்திரை (யூரின் போக வைக்கற மாத்திரை) சாப்பிடறவங்களுக்கு வேர்வையில பிபி இறங்கிடும். மாலை கடல் காத்து வந்ததுக்கு அப்புறம் ஓகே, இல்லன்னா ஃபேன் போட்டு வீட்டுக்குள்ளயே. அக்டோபர்ல இருந்து டிசம்பர் மழைக்கு தேங்கின தண்ணியில கால வைக்காதீங்க, எலிக்காய்ச்சல் லிவர், கிட்னி ரெண்டையும்தான் முதல்ல புடிக்கும், அப்ப அபார்ட்மெண்ட் காரிடார், மூடின பார்க்கிங் போதும். போகி அன்னைக்கும் தீபாவளி ராத்திரியும் லங்ஸ் பேஷன்ட்ஸ் ஜன்னல மூடிட்டு உள்ளயே இருங்க.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க், அண்ணா நகர் டவர் பார்க் மாதிரி இடம் எனக்கு புடிக்கும், ஏன்னா தரை சமமா இருக்கு, உக்கார பெஞ்ச் இருக்கு. இடம் தேடும்போது அழக பாக்காதீங்க, எத்தன பெஞ்ச் இருக்கு, பாத்ரூம் இருக்கா, ஆட்டோ வாசல் வரைக்கும் வருமா, நாய் துரத்துமா, இதத்தான் பாக்கணும். கோயில் பிரகாரம் கூட்டம் இல்லாத நேரத்துல அருமையான இடம், நிழலும் திண்ணையும் உண்டு, ஆனா சுகர் இருந்து கால் மரத்துப் போனவங்க வெயில்ல சூடான கல்லுல வெறுங்கால்ல நடந்தா கொப்புளம் வந்தது கூட தெரியாது, அதனால காலைலயே போயிட்டு வந்து பாதத்த திருப்பி பாருங்க. இன்சுலின் போடறவங்க பாக்கெட்ல குளுக்கோஸோ மிட்டாயோ இல்லாம கிளம்பாதீங்க. மால்ல ஏசியில நடக்கறது வெயிலுக்கு நல்லதுதான், திறந்த உடனே கூட்டம் இல்லாதப்ப மாஸ்க் போட்டுட்டு போங்க, சனி ஞாயிறு வேணாம்.

லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி வீடுன்னா படியே உங்க எக்சர்சைஸ். ஏறும்போது பலமான கால் முன்னாடி, இறங்கும்போது பலம் கம்மியான கால் முன்னாடி, கைப்பிடிய விடாதீங்க, ஒவ்வொரு மாடியிலயும் ஒரு ஸ்டூல் போட அக்கம்பக்கத்துல கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

சாப்பாடு, வலி மாத்திரை

தசை ஏறணும்னா புரோட்டீன் வேணும். பத்தியம்னு சொல்லி வெறும் ரசம் சாதமும் மோர் சாதமும் குடுத்து ஆள எலும்பாக்கிடறாங்க. சிரோசிஸ்க்கு ஒரு கிலோ எடைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம், டயாலிசிஸ் பண்றவங்களுக்கு 1.0ல இருந்து 1.2 கிராம் வரைக்கும் சொல்றாங்க, 60 கிலோ இருக்கற லிவர் பேஷன்ட்டுக்கு அது 72 கிராமுக்கு மேல, ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அப்ப எவ்ளோ சாப்பிடணும்னு பாருங்க. முட்டை வெள்ளை, மீன், பனீர், பருப்பு, சுண்டல் எது உங்களுக்கு ஒத்துக்கும்னு டயட்டீஷியன் சொல்வாங்க. டயாலிசிஸ் ஆரம்பிக்காத கிட்னி பேஷன்ட்டுக்கு கணக்கே வேற, அவங்க கேக்காம கூட்டக்கூடாது. ஜிம் பவுடர், கிரியேட்டின் எதுவும் டாக்டருக்கு தெரியாம வேணாம்.

எக்சர்சைஸ் ஆரம்பிச்ச வாரம் உடம்பு வலிக்கும், உடனே மெடிக்கல் ஷாப்ல "வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கி போட்டுடாதீங்க. மிச்சம் இருக்கற கிட்னியையும் அது கெடுக்கும், லிவர் பேஷன்ட்டுக்கு ரத்தக்கசிவ கொண்டு வரும், ஹார்ட் பேஷன்ட்டுக்கு தண்ணிய தேக்கும். பாராசிட்டமால் கூட எவ்ளோன்னு கேட்டுட்டுதான். சுடுதண்ணி ஒத்தடம், ஒரு நாள் ரெஸ்ட், அடுத்த தடவ எண்ணிக்கைய கொறைங்க.

வீட்ல இருக்கறவங்களுக்கு

நான் திரும்பத் திரும்ப பாக்கறது, ஆம்பள பேஷன்ட்னா படுக்க வெச்சு தட்ட கையில குடுத்துடறாங்க, பொம்பள பேஷன்ட்னா காலைல இருந்து அடுப்படியில நிக்க வெச்சுட்டு "அதான் வேலை செய்யறாளே, தனியா எக்சர்சைஸ் எதுக்கு"ன்னு சொல்லிடறாங்க. ரெண்டும் வேணாம். அவருக்கு காய் நறுக்கற வேலைய குடுங்க. அம்மாவுக்கு சமையல்ல இருந்து ஒரு வேளை விடுதலை குடுத்துட்டு அந்த நேரத்துல கூட நடங்க. "நட நட"ன்னு சொல்றதவிட செருப்ப போட்டுட்டு வாசல்ல நின்னு "வாங்க போலாம்"னா உடனே வருவாங்க.

நெஞ்சு வலி, கண்ணு இருட்டறது, படபடப்பு, 10 நிமிஷம் உக்காந்தும் அடங்காத மூச்சு இதுல எது வந்தாலும் நிறுத்துங்க, அடங்கலன்னா 108. ரத்த வாந்தி, கருப்பா மலம் போனா யோசிக்காம கிளம்புங்க. காய்ச்சல் அன்னைக்கு எதுவும் பண்ணாதீங்க. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி வந்தா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, முன்னாடி நடந்ததுல பாதி நேரத்துல ஆரம்பிங்க.

நடக்கும்போது போன் கையில இருக்கணும், சார்ஜ் இருக்கணும், சைலன்ட்ல இருக்கக்கூடாது, தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்க. உறுப்பு கிடைச்சிருக்குன்னு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டு வர சொல்லிட்டாங்கன்னா அதுக்கப்புறம் எதுவும் சாப்பிடலாமா குடிக்கலாமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. சில நேரம் அவசர அவசரமா போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்த அப்புறம் அந்த உறுப்பு சரியா இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க, அது உங்க தப்பும் இல்ல டாக்டர் தப்பும் இல்ல. வீட்டுக்கு வந்து ஒரு நாள் ரெண்டு நாள் அழுகை வரும், அழுங்க, தூங்குங்க. மூணாவது நாள் ஹால்ல 5 நிமிஷம் நடந்துட்டு, சேர்ல இருந்து 8 தடவ எந்திரிங்க.